சைலன்சரில் அடைப்பு... டீசல் வண்டி இழுக்காமல் திணறுவது ஏன்?

காலை ஒன்பது மணி. சோழிங்கநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டீசல் எஸ்யூவி நகரத்தான் செய்கிறது. ஆனால், போன மாதம் வரை இருந்த அந்த வேகம் இல்லை. மீட்டர் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு வேறு. ஒரு சின்ன டப்பா, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ படம். ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு, டீசல் ஃபில்டரும் மாற்றியாச்சு. மைலேஜும் குறைந்துவிட்டது. இன்னும் என்னதான் பிரச்னை?

இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் எந்தக் கோளாறும் இல்லை. புகை வெளியே வரும் வழியில்தான் சிக்கல். ஓஎம்ஆரில் தினமும் ஊர்ந்து போகும் நூற்றுக்கணக்கான டீசல் கார்களுக்கும், பள்ளி வேன்களுக்கும், டெலிவரி மினி டிரக்குகளுக்கும் வரக்கூடிய சிக்கல் இது. அந்த மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது என்று புரிய, முதலில் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிடலாம்.

மூச்சை விட முடியாவிட்டால் இழுக்கவும் முடியாது

ஒரு சின்ன சோதனை. ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கலாம். விடுவது ஸ்ட்ரா வழியாக மட்டும்தான். உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்படியே இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். சுற்றிலும் வேண்டிய அளவு காற்று இருக்கிறது. ஆனால், நுரையீரலில் பழைய காற்று காலியாகாததால் புதிய காற்றுக்கு இடம் கிடைக்காது.

டீசல் இன்ஜினுக்கும் இதே கதைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றை அழுத்துகிறது. அழுத்தத்திலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே தீப்பிடிக்கும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கடைசியாகப் பிஸ்டன் மறுபடி மேலேறி, எரிந்து முடிந்த புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்காவது ஸ்ட்ரோக்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆனால் அங்கே நடக்கும் வேலை சாதாரணமில்லை. 2 லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், டர்போவைச் சேர்க்காமலே சுமார் 2,000 லிட்டர் காற்றை விழுங்கும். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இரண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது வெளியே வரும்போது 400 டிகிரி சூட்டில் விரிந்து நான்கு டேங்க்குக்கும் மேல் ஆகிவிடும். அத்தனையும் மணிக்கட்டு பருமனுள்ள ஒரு குழாய் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புகையைத் தள்ளப் பிஸ்டனுக்குக் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு.

அந்தப் பாதையில் குழாய் நசுங்கியிருக்கலாம். சைலன்சருக்குள் ஒரு தகடு கழன்று குறுக்கே விழுந்திருக்கலாம். கரி ஏறி ஃபில்டர் அடைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், வெளியே வரும் புகைக்கு எதிராக ஓர் அழுத்தம் உருவாகும். மெக்கானிக்குகள் அதைத்தான் 'பேக் பிரஷர்' என்கிறார்கள்.

நஷ்டம் எவ்வளவு?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வழக்கத்தைவிட 10 கிலோபாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடுதலாக எதிர்த்து நிற்கிறது என்று வையுங்கள். 2 லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது இதற்காக மட்டும் அரை கிலோவாட் வீணாகும். எதிர்ப்பு 30 கிலோபாஸ்கல் என்றால் ஒன்றரை கிலோவாட். வீட்டில் ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குதிரைத்திறனில் சொன்னால் இரண்டு.

150 குதிரைத்திறன் உள்ள வண்டியில் இரண்டு போனால் என்ன ஆகிவிடும்? நியாயமான கேள்வி. பிஸ்டன் தள்ளுவதால் வரும் நேரடி நஷ்டத்தை மட்டும் வைத்து, வண்டி திணறுவதை விளக்க முடியாது. பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது.

டீசல் இன்ஜினில் காற்றுக்குக் கட்டுப்பாடு பெரிதாகக் கிடையாது. பெட்ரோல் வண்டி போல ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் காற்றுக் கதவு திறக்கும் கதை இங்கே இல்லை. காற்று கிடைக்கிற அளவு வரும். நீங்கள் அழுத்தும் அளவுக்கு டீசல் மட்டும் கூடும். ஒரு கிலோ டீசல் எரிய, கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதைவிடத் தாராளமாகக் கொடுத்தால்தான் கரி இல்லாமல் எரியும். ஆகவே எவ்வளவு டீசல் எரியலாம், எவ்வளவு சக்தி கிடைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு போடுவது காற்றுதான்.

பழைய புகை முழுதாகக் காலியாகாமல் சிலிண்டரில் தங்கினால், அந்த இடத்தில் புதிய காற்று வராது. முதல் வெட்டு அங்கே. இரண்டாவது வெட்டு டர்போவில்.

டர்போ ஏன் சோர்ந்து போகிறது?

இன்றைய டீசல் கார், லாரி எல்லாவற்றிலும் டர்போ உண்டு. வெளியே போகும் புகையை ஒரு சின்ன காற்றாடியில் மோதவிட்டு, அது சுற்றும் வேகத்தில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் வெளிக்காற்றை இன்ஜினுக்குள் திணிப்பதுதான் அதன் வேலை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். எப்படியும் வீணாகப் போகிற புகையிலிருந்து வேலை வாங்கும் கெட்டிக்காரத்தனம்.

ஆனால், புகை வேகமாக வந்தால் மட்டும் அந்தக் காற்றாடி சுற்றிவிடாது. அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் இடையே வித்தியாசம் வேண்டும். மேட்டூர் அணையில் மின்சாரம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும், டர்பைனைத் தாண்டி வெளியேறும் இடத்தில் தண்ணீர் தேங்கி உயர்ந்துவிட்டால், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். மின்சாரமும் குறையும்.

டர்போவுக்குப் பின்னால் அடைப்பு வந்தாலும் அதேதான். டர்போவுக்கு முன்னால் 200 கிலோபாஸ்கல், பின்னால் 105 என்றால், விகிதம் ஏறக்குறைய 1.9. அடைப்பால் பின்னால் இருப்பது 130 ஆக ஏறினால் விகிதம் 1.5க்கு வந்துவிடும். டர்போ தளரும், உள்ளே திணிக்கிற காற்று குறையும். காற்று குறைந்தால் எரிப்பு கெடும், கரி கூடும். அந்தக் கரி போய் ஏற்கெனவே அடைத்திருக்கும் ஃபில்டரில் இன்னும் அப்பும். அடைப்பு அடைப்பையே வளர்க்கும் வட்டம் இது.

போதாக்குறைக்குச் சூடும் ஏறும். காற்று குறைவாகவும் டீசல் அதிகமாகவும் எரியும்போது வெளியேறும் புகையின் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டிப் போகலாம். எக்ஸாஸ்ட் வால்வு, டர்போ இரண்டுமே அதிலேயே வெந்துகொண்டிருக்கும். பின்னழுத்தம் ரொம்ப நாள் நீடித்தால் டர்போவின் அச்சில் இருக்கும் சீல் வழியாக ஆயில் கசியவும் ஆரம்பிக்கும்.

பழைய லாரி என்றால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மேட்டில் ஏறும்போது வானமே கறுக்கும் அளவுக்குப் புகை கக்கும். புது வண்டி அப்படிக் காட்டிக்கொடுக்காது. காற்று குறைந்தது தெரிந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே டீசலைக் குறைத்துவிடும். புகை வராது, இழுவையும் வராது. அதற்கும் முன்பே, டர்போவின் இறக்கைகளைச் சற்று மூடி, எப்படியாவது காற்றழுத்தத்தைப் பழைய அளவில் வைத்திருக்கப் பார்க்கும். அப்போது பிஸ்டனின் முதுகில் சுமை கூடும், டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆனால், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் பல வண்டிகளில் முதலில் மைலேஜ் சத்தமில்லாமல் குறைகிறது. 'இழுக்கல' என்ற புகார் அதற்கப்புறம்தான் வருகிறது.

இடையில் ஒரு வார்த்தை. 'இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்' என்று பைக் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. டர்போ டீசலைப் பொறுத்தவரை அது எடுபடாது. டர்போவைத் தாண்டிய பிறகு எதிர்ப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பைக்கில் பெரிய குழாய் மாட்டியதும் ஆரம்ப இழுவை குறைவது அழுத்தம் போனதால் அல்ல. குழாய்க்குள் புகை பாயும் வேகம் குறைந்ததால்.

திம்பத்தில் இறங்கும் லாரிக்கு இதுவே துணை

அடைப்பு எப்போதும் வில்லன் இல்லை. சத்தியமங்கலத்தையும் மைசூரு பக்கத்தையும் இணைக்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய லாரி இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பாதி வழியிலேயே சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போய்விடும். அனுபவமுள்ள டிரைவர் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவார்.

அது செய்வது இவ்வளவுதான்: புகைக்குழாயில் இருக்கும் ஒரு தட்டு வால்வை மூடிவிடும், டீசலையும் நிறுத்திவிடும். இப்போது பிஸ்டன்கள் வெளியேற வழியில்லாத காற்றைத் தள்ளித் தள்ளிச் சோர்ந்து, சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும். இந்த நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் 300 கிலோபாஸ்கலைத் தாண்டும். பல டன் லாரியையே அடக்கக்கூடிய விசை இது. அதில் பத்தில் ஒரு பங்கு, கேட்காமலேயே, நாள் முழுக்க உங்கள் காரில் போடப்பட்டிருந்தால் எப்படி இருக்கும்? அடைத்த ஃபில்டரோடு ஓட்டுவது கிட்டத்தட்ட அதுதான்.

ஆபீஸ் ஜெனரேட்டரும் வெள்ளத்தில் மாட்டிய காரும்

பேக் பிரஷர் வண்டிகளுக்கு மட்டுமான பிரச்னை இல்லை. உங்கள் ஆபீஸின் அடித்தளத்தில் இருக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் புகைக்குழாய் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிப்படி, அந்தக் குழாய் கட்டடத்தின் உயரத்தைத் தாண்டி இன்னும் மேலே போக வேண்டும். எவ்வளவு மேலே என்பதற்குச் சூத்திரமே இருக்கிறது: ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர்.

விதி சரிதான், புகை ஜன்னலுக்குள் வரக் கூடாதே. ஆனால், எட்டு மாடி உயரக் குழாய் என்றால் அதன் நீளமும் அதில் வரும் வளைவுகளும் சேர்ந்து இன்ஜினை நெருக்கும். பெரிய ஜெனரேட்டர்களுக்குப் பின்னழுத்தம் பொதுவாக 10 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள் தயாரிப்பாளர்கள். இங்கே குழாயின் விட்டம்தான் எல்லாமே. அதே அளவு புகைக்கு நான்கு அங்குலக் குழாய்க்குப் பதில் மூன்று அங்குலக் குழாய் போட்டால், உராய்வால் வரும் எதிர்ப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடும். செலவை மிச்சப்படுத்த ஒப்பந்ததாரர் ஒரு அங்குலம் குறைத்தால், கரன்ட் போன நேரத்தில் லிஃப்ட்டையும் ஏசியையும் சேர்த்து இழுக்க முடியாமல் ஜெனரேட்டர் கறுப்பாகப் புகை விடும்.

வெள்ளத்துக்கு வருவோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்களைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும்: சைலன்சர் தண்ணீரில் மூழ்கினால் இன்ஜின் நின்றுவிடுமா? குழாய் வாய்க்கு மேல் ஒரு அடி தண்ணீர் நின்றால் அது தரும் எதிரழுத்தம் வெறும் 3 கிலோபாஸ்கல். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜின் அதைத் தாராளமாகத் தள்ளிவிடும். நம் கடற்படையின் கல்வரி ரகம் போன்ற டீசல்-மின்சார நீர்மூழ்கிகள், மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீருக்கடியிலேயே டீசல் இன்ஜினை ஓட்டுகின்றன.

காரில் உண்மையான ஆபத்து முன்பக்கம். காற்றை இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இப்போது அந்த மஞ்சள் விளக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 விதிகள் வந்தன. பிஎஸ்-4 இலிருந்து, ஐந்தைத் தாண்டி, நேராக ஆறுக்குக் குதித்தோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம் என்று இருந்தது 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. இன்ஜினைச் சீர்செய்து மட்டும் அந்த அளவுக்கு இறங்குவது ரொம்பக் கடினம். அதனால் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் வந்து உட்கார்ந்தது. அதுதான் டிபிஎஃப், அதாவது டீசல் கரித்துகள் வடிகட்டி. இந்தச் செலவு சின்னக் கார்களுக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் மாருதி சுசுகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது.

தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை அது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழல்கள். ஒரு குழலுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும், பக்கத்துக் குழலுக்கு முன்பக்கம் மூடியிருக்கும். முட்டுச்சந்துக்குள் புகுந்த புகை, பீங்கான் சுவரின் நுண்துளைகள் வழியாகப் புகுந்துதான் பக்கத்துச் சந்துக்கு வர முடியும். வாயு வந்துவிடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். 95 சதவீதத்துக்கும் மேல் கரித்துகளைப் பிடித்துவிடும்.

வேறு மாதிரி சொன்னால், இன்ஜினின் மூக்கில் கட்டிய மாஸ்க் அது. அதுவும் வேண்டுமென்றே வைத்த தடைதான். 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவர் மூச்சு விடுவதற்காக, இன்ஜினின் மூச்சில் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறோம்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய குழாய்கள் போய் ஒரு சென்சாரில் சேரும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அது அளந்துகொண்டே இருக்கும். கரி ஏற ஏற வித்தியாசம் கூடும். ஆக, மீட்டரில் எரிகிற அந்த விளக்கு, ஒரு வகையில் பேக் பிரஷர் விளக்கேதான்.

ஓஎம்ஆர் ஓட்டம் ஏன் ஒத்துவரவில்லை?

பிடித்த கரியை ஃபில்டர் அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஹைவேயில் லோடோடு ஓடினால், புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டிருக்கும். அது போதாதபோது, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே களத்தில் இறங்கும். கூடுதலாக டீசல் விட்டு, ஃபில்டரின் வெப்பத்தை 600 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கரியை எரிக்கும். இதற்குப் பெயர் 'ரீஜெனரேஷன்'. பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும்.

பிரச்னை இங்கேதான். பன்னிரண்டு கிலோமீட்டரை நாற்பது நிமிடம் ஊர்ந்து கடந்தால், பெரும்பகுதி நேரம் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது. ஃபில்டர் சூடாவதே இல்லை. அப்படியும் கம்ப்யூட்டர் ஒரு வழியாக எரிக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம், நீங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் இன்ஜினை அணைக்கிறீர்கள். மாலையில் மறுபடி ஆரம்பம், வீட்டு வாசலில் மறுபடி நிறுத்தம். கரி பாதி எரிந்தும் எரியாமலும் அப்படியே கிடக்கும்.

இதில் இன்னொரு தொல்லையும் சேரும். எரிப்பதற்காகக் கூடுதலாக விட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். 'ஆயில் குறையவே இல்லை, சூப்பர் வண்டி' என்று சந்தோஷப்பட வேண்டாம். டீசல் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

ஆயில் விஷயத்திலேயே இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்களிலிருந்து வருவது. அது ஃபில்டரின் முட்டுச்சந்துகளில் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டே போகும். எத்தனை முறை ஹைவேயில் ஓட்டினாலும் போகாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் பிஎஸ்-6 டீசல் வண்டிகளுக்கு 'லோ சாப்ஸ்' என்ற சாம்பல் குறைந்த ஆயிலை ஓனர் மேனுவலில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் 'டீசல் ஆயில்தான் சார்' என்று ஊற்றிக் கொடுப்பது நானூறு ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தலாம். ஃபில்டரின் ஆயுளில் பெரிய துண்டை வெட்டிவிடும்.

ஷோரூமில் மைலேஜ் சொல்வார்கள், டார்க் சொல்வார்கள், சன்ரூஃபைத் திறந்து காட்டுவார்கள். 'உங்க ஓட்டம் தினமும் எவ்வளவு, எந்த ரோட்டுல?' என்று கேட்டு, 'அப்போ டீசல் வேண்டாமே' என்று சொல்கிற விற்பனையாளர் அபூர்வம். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

'தூக்கிடலாம் சார், வண்டி பறக்கும்'

விளக்கு எரிந்தபடி பட்டறைக்குப் போனால் சில இடங்களில் இந்த யோசனை வரும். ஃபில்டரைக் கழற்றி உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, காலி டப்பாவை மட்டும் மாட்டி, கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை மாற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கும் என்பதும் உண்மைதான். மேலே பார்த்த கணக்கின்படி இழுக்கத்தான் வேண்டும்.

சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். மாசு விதியை மீறி ஓட்டினால் 190 ஆவது பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை. வாரன்டியும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்லும் என்பது தனிக்கதை.

பள்ளி வேன் டிரைவர் இந்த யோசனைக்கு ஏன் தலையாட்டுகிறார் என்பதும் புரியாத விஷயமில்லை. அவருடைய ரூட்டை அவர் போடவில்லை. தெருவுக்குத் தெரு நின்று நின்றுதான் ஓட்ட வேண்டும், காலையில் வண்டி கிளம்பியே ஆக வேண்டும். ஆனால், அவர் கழற்றிப் போட்ட கரியைச் சுவாசிக்கப் போவது அதே வேனிலிருந்து இறங்கி வாசலில் நிற்கும் பிள்ளைகள். நிறுத்தி வைத்தபடியே ஃபில்டரைச் சுத்தம் செய்யும் சுவிட்ச் பல பிஎஸ்-6 வணிக வாகனங்களில் உண்டு. ட்ரிப் முடிந்த பிறகு அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கினால் போதும். காய்ந்த புல், சருகு, குப்பை இருக்கும் இடத்தில் மட்டும் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் குழாய் அவ்வளவு சூடாக இருக்கும்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

பதறிப்போய் உடனே ஃபில்டரை மாற்றச் சொல்ல வேண்டாம். காரின் விலையுயர்ந்த உதிரிபாகங்களில் அதுவும் ஒன்று. முதலில் ஸ்கேனரை மாட்டி, அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சும்மா ஓடும்போது நல்ல ஃபில்டரில் அது ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள்தான் இருக்கும். சில வண்டிகளில் ஃபில்டர் நன்றாகவே இருக்கும். சென்சாருக்குப் போகும் அந்த மெல்லிய ரப்பர் குழாய் சூட்டில் வெடித்திருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயில் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கரி அதிகமாக வரக் காரணம் அங்கே இருந்தால், புது ஃபில்டர் போட்டாலும் மூன்று மாதத்தில் அதே விளக்கு எரியும்.

விளக்கு மஞ்சளில் நிலையாக எரிகிறது, இன்ஜின் விளக்கு எதுவும் சேர்ந்து எரியவில்லை என்றால், மருந்து பெரும்பாலும் ரோட்டிலேயே இருக்கிறது. மினுக்கினாலோ, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டாலோ, நேராக சர்வீஸ் சென்டர்தான். அந்த நிலையில் இழுத்து ஓட்டினால் ஃபில்டர் உள்ளேயே உருகிவிடலாம்.

டேங்க்கில் போதுமான டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பல வண்டிகள் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கவே தொடங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் காலியாக இருக்கும்போது மாமல்லபுரம் பக்கம் கிளம்பலாம். டாப் கியருக்குப் போகாமல் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் 2,000 முதல் 2,500 சுற்றுக்குள் இருக்கும்படி, சீரான வேகத்தில் அரை மணி நேரம். இடையில் இன்ஜின் சத்தம் சற்று மாறலாம், மைலேஜ் மீட்டர் சரியலாம், லேசாகச் சூட்டு வாடை வரலாம். எல்லாம் அது எரிந்துகொண்டிருப்பதற்கான அடையாளம்.

மாமல்லபுரத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தும்போது ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், இன்னும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்பாமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து டீ குடிக்கலாம்.